புதுப்பிப்பு: தனியார் பார்க்கிங் டிக்கெட் ரத்தாகிவிட்டது

லண்டனில் ஒரு சூப்பர்மார்க்கெட் கார் பார்க்கில் கூடுதல் நேரம் நின்றதாக, தனியார் நிறுவனம் ஒன்று 100 பவுண்டு கேட்டதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். என் முறையீட்டை நிராகரித்தார்கள். அப்புறம் பாப்லா என்ற மேல்முறையீட்டு அமைப்புக்குப் போனேன், கட்டணம் கிடையாது. நிறுவனம் பதில்வாதமே செய்யாமல் விலகிக்கொண்டது.

என் வாதம் ஒன்றுதான். கேமரா பதிவை மட்டும் வைத்து அனுப்பும் நோட்டீஸ், வண்டி நிறுத்தியதற்கு மறுநாளிலிருந்து எண்ணி 14 நாளுக்குள் வந்து சேரவேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டுச் சட்டம். தாமதமானால் ஓட்டியவரிடம்தான் கேட்கமுடியும், வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் அல்ல. ஓட்டியது யார் என்று அந்த நிறுவனத்துக்குச் சொல்லும் கட்டாயமும் இல்லை. அதனால் கடிதத்தில் “நான் ஓட்டினேன்” என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். நம்மவர்கள் பயந்து உடனே கட்டிவிடுவதுதான் எனக்கு வேதனை.

கவுன்சில் அபராதம் வேறு, அதற்கு இது பொருந்தாது.