10க்கு 10 அறை, ஒரு பச்சிளங்குழந்தை: எது கட்டாயம், எது வேண்டாம்?

கேட்டவர், கொளத்தூர்

தலைப்பிரசவம், ஐப்பசிக் கடைசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். அம்மா வீட்டில் படுக்கையறை ஒன்றுதான், 10க்கு 10. அதில் 5க்கு 6½ கட்டிலும் ஒரு பீரோவும் போக, ஒரு பாய் விரிக்கத்தான் இடம். தொட்டில், டயப்பர் மாற்றும் மேஜை, ராக்கர் என்று கடையில் காட்டுவதை எல்லாம் வாங்கினால் கதவைத் திறக்க முடியாது. வேலை தெரிந்தவர்கள் அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

செவிலியர், பச்சிளங்குழந்தைப் பிரிவு

கட்டாயம் ஒன்றே ஒன்றுதான். சமமான, கெட்டியான, குழந்தைக்கென்று தனியான ஒரு படுக்கை. அது அம்மா கைநீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், ஆனால் அம்மாவின் மெத்தையிலேயே இருக்கக் கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2022 வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: குறைந்தது 6 மாதம் ஒரே அறை, ஆனால் தனிப் படுக்கை.

கெட்டி என்றால் எவ்வளவு என்று கேட்பார்கள். உள்ளங்கையை அழுத்தி எடுங்கள். கை எடுத்ததும் பள்ளம் மறைந்துவிட வேண்டும். புது இலவம்பஞ்சு மெத்தை இதில் தேறாது. குழந்தை தலையைத் திருப்பும்போது மூக்கும் வாயும் பஞ்சில் புதையும். தேங்காய்நார் மெத்தைக்கு மேல் ஒரு பருத்தி விரிப்பு போதும். தரையில் போடுவதானால் கோரைப்பாய், அதன்மேல் நான்காக மடித்த பழைய பருத்திப் போர்வை, அதை இறுக்கி மூடிய ஒரு வேட்டித் துணி. தலையணை, பக்கவாட்டு உருளைகள், பொம்மை எதுவும் வேண்டாம். மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும்.

வீடுகளில் அடிக்கடி பார்ப்பது, கட்டிலைச் சுவரோரம் தள்ளி, சுவருக்கும் அம்மாவுக்கும் நடுவில் குழந்தையைப் போடுவது. விழாது என்று நினைக்கிறார்கள். மெத்தை இரண்டு விரற்கடை நகர்ந்தாலே சுவரோரம் ஒரு பிளவு விழும். குழந்தையின் முகம் அதற்குள் போனால் சத்தம்கூட வராது.

ரப்பர் ஷீட்டைப் படுக்கை முழுவதும் விரிக்காதீர்கள். சென்னைப் புழுக்கத்தில் முதுகெல்லாம் வேர்க்குரு வந்துவிடும். இடுப்புக்குக் கீழே வரும்படி 1½ அடிக்கு 2 அடித் துண்டு, மேலே பருத்தித் துணி, அவ்வளவுதான்.

அரசு மருத்துவமனையில் பிரசவம் என்றால் வாங்குவதற்குக் கொஞ்சம் பொறுங்கள். 2015இல் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தின் 16 பொருள்களில் சிறு படுக்கையும் கொசுவலையும் உண்டு. கைக்கு வருவதைப் பார்த்துவிட்டு மிச்சத்தை வாங்கலாம்.

கட்டட மேஸ்திரி, திருவல்லிக்கேணி

நர்ஸம்மா சொன்னது சரிதான். ஆனா நம்ம ஊர்ல தூளி கட்டாம எந்தப் பாட்டியும் விடப்போறதில்ல. அதனால கொக்கியைப் பத்திச் சொல்லிடறேன். தூளியில விபத்துன்னா பாதி கொக்கியிலதான் ஆரம்பிக்குது.

மேல என்ன தளம்னு முதல்ல பாருங்க. ஆர்.சி.சி. சிலாப்னா, கான்கிரீட் போடும்போதே கம்பியோட சேர்த்துக் கட்டி விட்ட கொக்கி இருக்கும். நம்பலாம், ஆனா சுத்தி இருக்கற பூச்சைச் சுத்தியல் காம்பால தட்டிப் பாருங்க. கணீர்னு கேட்டா நல்லது. பொத்துனு கேட்டாலோ, பழுப்புக் கறை தெரிஞ்சாலோ, உள்ள கம்பி துருப்பிடிச்சு உப்பி கான்கிரீட்டைத் தள்ளுதுன்னு அர்த்தம். காசிமேடு, ராயபுரம், பட்டினப்பாக்கம், திருவான்மியூர்னு உப்புக்காத்து அடிக்கற பக்கம் இது சகஜம். அங்க கட்டவே கட்டாதீங்க.

புதுசா போடறதா இருந்தா 10 எம்.எம். ஆங்கர் போல்ட், முனை வளையமா மூடின கண். பிளாஸ்டிக் பிளக்கு வச்சு ஸ்க்ரூ முடுக்கற வேலை இதுக்கு ஆகாது, ஆட ஆட உருவிட்டு வந்துடும். துளை போடறதுக்கு முன்னாடி ஃபேனுக்கும் சுவிட்ச் போர்டுக்கும் நடுவுல ஒயர் பைப் எந்தப் பக்கமா ஓடுதுன்னு எலக்ட்ரீஷியனைக் கேட்டுக்குங்க. மழைத்தண்ணி கசியற இடத்தையும் விட்டுடுங்க. ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்னா, மேல இருக்கற சிலாப்ல மாட்டி, சங்கிலியைக் கீழ இறக்கணும்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் பழைய வீடுன்னா மெட்ராஸ் டெரஸா இருக்கும். மேல தேக்குக் கட்டைங்க, அதுக்கு மேல குத்துக்கல்லா அடுக்கின சின்னச் செங்கல். கொக்கி கட்டையிலதான் ஏறணும். கட்டையோட நடு உயரத்துல பக்கவாட்டா, இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் வரைக்கும் துளை போட்டு போல்ட் நட்டு மாட்டறது உத்தமம். ரெண்டு கட்டைக்கு நடுவுல செங்கல்ல மாட்டினா சுண்ணாம்போட சேர்ந்து கையோட வந்துடும். கட்டை சுவருக்குள்ள போற முனையையும் ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாருங்க, கரையான் முதல்ல அங்கதான் திங்கும்.

ஷீட் போட்ட வீட்டுல, ரெண்டு பக்கமும் சுவருக்குள்ள போன இரும்பு பைப் இருந்தா கட்டலாம். ஆனா சித்திரை வைகாசியில ஷீட்டுக்குக் கிட்ட போகப் போக அனல். பகல்ல தூளி வேண்டாம், தரைதான் குளிர்ச்சி.

கட்டின பிறகு 25 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டு நல்லா ஆட்டுங்க. ஒரு ராத்திரி அப்படியே விடுங்க. காலையில கொக்கியோட அடியில தூள் கொட்டியிருந்தாலோ, வளையம் ஒரு நூல் இறங்கியிருந்தாலோ அந்தக் கொக்கி வேண்டாம். குழந்தை 3 கிலோதானேன்னு கேப்பாங்க. பக்கத்துல இருக்கற அஞ்சு வயசு அண்ணன் ஏறித் தொங்குவானே, அதுக்குத்தான் இந்தச் சோதனை.

ஃபேன் விஷயம். சாதாரண ஃபேன் 1200 எம்.எம்., நடுவுலேர்ந்து இறக்கை முனை 2 அடி. கொக்கி நடுவுலேர்ந்து 4 அடியாவது தள்ளி இருக்கணும், குழந்தையைத் தூக்கும்போது கையும் துணியும் மேல போகும். 10க்கு 10 அறையில ஃபேன் நடுவுல இருந்தா அந்த 4 அடி மூலைப் பக்கம்தான் கிடைக்கும். அங்கேர்ந்து ரெண்டு சுவருமே ரெண்டே கால் அடி. ஆட்டம் அரை அடிக்கு மேல போகக் கூடாது. நிதானமா ஆட்டணும்னா ஹால்லயே மாட்டிடுங்க.

புரசைவாக்கத்தில் குழந்தைப் பொருள் கடையில் இருப்பவர்

மேஸ்திரி அண்ணன் கொக்கியோடு நிறுத்திவிட்டார். அதற்குக் கீழே வரும் சாமான்களையும் சொல்கிறேன்.

ஸ்பிரிங் வாங்கும்போது எவ்வளவு கிலோ தாங்கும் என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். எதுவும் அச்சிடாததை வாங்க வேண்டாம். ஸ்பிரிங் முழுதாக இழுபட்டால் வரும் நீளத்தைவிட நான்கு விரல் கூடுதலாக ஒரு சங்கிலியை, மேல் வளையத்திலிருந்து கீழ் வளையத்துக்குத் தனியாக மாட்டுங்கள். ஸ்பிரிங் அறுந்தால் சங்கிலி பிடித்துக்கொள்ளும். திறந்த வாய் உள்ள ‘எஸ்’ கொக்கி ஆடும்போது கழன்றுவிடும், அதற்குப் பதில் திருகி மூடும் டி ஷேக்கிள். ஸ்பிரிங்குக்கு ஒரு துணி உறை போடுங்கள். தலைமுடியும் பெரிய பிள்ளைகளின் விரலும் அதில் சிக்கும்.

புடவை பருத்திதான். சிந்தெட்டிக் வழுக்கும், காற்றும் போகாது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நடுவில் நூல் இற்றுப்போய் வலைபோலத் தெரிந்தால் அது கரித்துணிக்குத்தான். ஐந்தரை மீட்டர் புடவையின் இரு முனையையும் முடிந்து வளையமாக்கி, முடிச்சு மேலே வரும்படி போடுங்கள். குழந்தையின் முதுகிலோ கழுத்தருகிலோ முடிச்சு வரவே கூடாது.

தொட்டில் கட்டை வைத்தால் துணி விரிந்து முகத்துக்குக் காற்று வரும். ஆனால் கட்டையை வெறுமனே சொருகி விடுகிறார்கள். குழந்தையைத் தூக்கியதும் துணி தளர்ந்து கட்டை நழுவும். அடுத்தமுறை போடும்போது நேராக நெற்றியில் விழும். கட்டையின் இரு முனையிலும் உள்ள வெட்டில் துணியைச் சேர்த்து நாடாவால் இறுக்கிக் கட்டிவிடுங்கள்.

அடிப்பகுதி தரையிலிருந்து 1½ அடியில் இருக்கட்டும். குழந்தையைப் போட்டதும் துணியும் ஸ்பிரிங்கும் இழுபட்டு இன்னும் கொஞ்சம் இறங்கும். கீழே எப்போதும் ஒரு மெத்தை.

செவிலியர்

தூளிக்கு என் பங்குக்கு மூன்று விஷயம். குறைமாதக் குழந்தை, 2½ கிலோவுக்குக் குறைந்த குழந்தை, மூச்சுத் தொந்தரவு உள்ள குழந்தை ஆகியோருக்குத் தூளி வேண்டாம். மற்றவர்களுக்கும் தாடை நெஞ்சில் ஒட்டுகிறதா என்று பாருங்கள். நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். கழுத்து மடங்கினால் மூச்சுக்குழல் குறுகும், பச்சைக் குழந்தையால் தானாகத் தலையை நிமிர்த்த முடியாது. அழுகையை அமர்த்தத் தூளி சரி. தூங்கியதும் கீழே படுக்கையில் மாற்றிவிடுங்கள், ராத்திரி முழுக்க அதிலேயே விடாதீர்கள்.

பீரோவிலிருந்து எடுத்த பழைய புடவையை அப்படியே கட்டாதீர்கள். அந்துருண்டை வாசனை வந்தால், சோப்புப் போட்டுத் துவைத்து, வாசனை போகும்வரை இரண்டு மூன்று நாள் வெயிலில் போட வேண்டும். நாப்தலீன் ஆவி, ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்குச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள்காமாலையைக் கடுமையாக்கும். அந்தக் குறைபாடு இருப்பது பல வீடுகளில் முன்கூட்டியே தெரிவதில்லை. குழந்தைத் துணி வைக்கும் தட்டில் அந்துருண்டையே வேண்டாம்.

கேட்டவர்

கடுகுத் தலையணை? மாமியார் தைத்தே வைத்துவிட்டார்.

செவிலியர்

வேண்டாம்மா. தலை ஒரே பக்கம் தட்டையாகிவிடும் என்றுதான் வைக்கிறார்கள். விழித்திருக்கும்போது பக்கத்தில் ஆள் இருந்து குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டுவதும், படுக்க வைக்கும்போது தலைமாட்டை ஒருநாள் இந்தப் பக்கம், ஒருநாள் அந்தப் பக்கம் என மாற்றுவதும் அதைக் கவனித்துக்கொள்ளும். தலையணை கழுத்தைத்தான் மடக்கும். பிரிந்தால் கடுகு மூக்கில் போகும்.

தச்சர், வில்லிவாக்கம்

மரத்தொட்டில் வாங்குகிறவர்களுக்கும் செய்யச் சொல்கிறவர்களுக்கும்.

முதலில் இடம். வழக்கமான குழந்தைக் கட்டில் 4 அடிக்கு 2 அடி. உங்கள் அம்மா வீட்டு 10 அடி அறையில் 5 அடிக் கட்டில் போனால் மிச்சம் 5 அடி, அதில் பீரோ 1½ அடி, அதன் கதவு திறக்க 1½ அடி. ஆக 2 அடி. அதில் குழந்தைக் கட்டிலைப் போட்டால் நடக்க வழி இல்லை. முதல் மூன்று மாதத்துக்கு, பெரிய கட்டிலின் பக்கத்தில் ஒட்டி நிற்கும் 3 அடிக்கு 1½ அடிப் படுக்கைதான் இந்த அறைக்கு ஒத்துவரும். பெரிய கட்டிலை எதிர்ச்சுவரோடு ஒட்டிவிட்டு, கிடைத்த இடத்தில் இதைப் போடுங்கள். இரண்டு மெத்தையின் மேல்மட்டமும் சமமாக இருக்க வேண்டும், நடுவில் பிளவு இருக்கக் கூடாது. பட்டையால் கட்டிலோடு இழுத்துக் கட்டாவிட்டால் ராத்திரி தள்ளிக்கொண்டே போகும்.

கம்பிகளின் இடைவெளி 6 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. அதைவிட அகலமானால் உடம்பு நுழைந்து தலை மாட்டும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைந்தால் மெத்தை சிறியது. மூலைக்கால்களின் உச்சியில் குமிழ் வைத்துக் கடைவது அழகுதான், ஆனால் சட்டையின் கழுத்து அதில் மாட்டும். மட்டமாக அறுத்து இழைத்துவிடச் சொல்லுங்கள். ஒரு பக்கச் சட்டம் மேலும் கீழும் இறங்கும் வகை வேண்டாம். அமெரிக்காவில் 2011இலேயே அதை விற்கத் தடை போட்டார்கள். அந்தச் சட்டம் ஓடும் தடம் தேய்ந்து ஒரு முனை மட்டும் கழன்றால், அந்த முக்கோண இடுக்கில் குழந்தை சிக்கும்.

சொந்தத்தில் யாராவது பழைய தொட்டில் கொடுத்தால் பெயிண்டைப் பாருங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். என்ற கட்டாய வரம்பு இந்தியாவில் 2017 நவம்பரில்தான் வந்தது. அதற்கு முந்தைய பெயிண்ட் உரிகிறதென்றால் நீங்களே தேய்க்காதீர்கள், தூள்தான் ஆபத்து. அதை விட்டுவிட்டு வேறு பாருங்கள். பெயிண்ட் நன்றாக இருந்தாலும் மூட்டுகளில் மூட்டைப்பூச்சி இருக்கும். கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொதிநீர் விட்டு, வெயிலில் காயவைத்துப் பிறகு பூட்டுங்கள்.

ஐப்பசி கார்த்திகையில் மரம் ஈரத்தில் உப்பும், தையில் சுருங்கும். திருகுகள் தானாகத் தளரும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை அலன் கீ வைத்து எல்லாவற்றையும் இறுக்குங்கள்.

வீட்டுக்குப் போய்க் குளிப்பாட்டும் ஆயாம்மா, பெரம்பூர்

டயப்பர் மேஜை வேண்டவே வேண்டாம் கண்ணு. தரையில பாய் போட்டு மாத்தினா விழ இடமில்ல. ஆபரேஷன் ஆன பொண்ணுக்குத்தான் குனிய முடியாது. அவளுக்குக் கட்டில் நடுவுல வச்சு வேற யாராவது மாத்தட்டும்.

வாங்க வேண்டியது அம்மாவுக்கு ஒரு நாற்காலி. கை வச்ச பிளாஸ்டிக் சேர் போதும், முதுகுக்கு ஒரு தலையணை, காலுக்கு அரையடிப் பலகை. முழங்கால் கொஞ்சம் மேல இருந்தா குழந்தை மாருக்கு வரும், அவ குனிய வேணாம். கட்டில் ஓரத்துல வளைஞ்சு உக்காந்து பால் குடுத்துத்தான் முதுகுவலின்னு எல்லாப் பொண்ணும் அழுவுது.

குளிப்பாட்ட ஒரு மணை. அடியில ரப்பர் ஒட்டினது, இல்லன்னா எண்ணெய்த் தரையில வழுக்கும். மழைக்காலத்துல நாப்கின் காயாது. ஹால் மேல கயிறு இழுத்து ஏத்தற துணிக்கம்பி மாட்டிடுங்க, படுக்கைக்கு நேர் மேல மட்டும் வேணாம்.

கடைக்காரர்

கொசுவலையைச் சொல்ல மறந்துவிட்டேன். டெங்குக் கொசு பகலில் கடிக்கிறது, பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். ஜிப் வைத்த மெத்தை வலையில் வரும் குட்டித் தலையணையை எடுத்துவிட்டு, தரைமெத்தை மெத்தென்று இருந்தால் அதையும் எடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். குடைவலை என்றால் சட்டம் குழந்தையின் கைக்கு எட்டாத அளவு பெரிது வாங்குங்கள். வலையில் ஒட்டியிருக்கும் கையை வெளியிலிருந்தே கொசு கடிக்கும்.

கேட்டவர்

மூன்றாம் மாதம் மாமியார் வீட்டுக்குப் போகிறோம். இதே சாமான்களை அங்கே கொண்டுபோகலாமா?

தச்சர், வில்லிவாக்கம்

வலை, பாய், நாற்காலி போகட்டும். பக்கத்துப் படுக்கை கொஞ்ச நாள்தான் வரும். குழந்தை புரள ஆரம்பித்தால், அல்லது கையூன்றி எழப் பார்த்தால் அதை மடித்துவிட வேண்டும். நாலு மாதத்திலேயே புரளும் பிள்ளைகள் உண்டு. அங்கே 4க்கு 2 கட்டில் போட இடமிருந்தால் அதைச் செய்யச் சொல்லுங்கள், இல்லையென்றால் தரைப்படுக்கை.

தூளியும் அதே கணக்குத்தான். புரண்டு விளிம்பைப் பிடிக்கத் தொடங்கியதும் அவிழ்த்துவிடுங்கள். குழந்தை உள்ளே இல்லாத நேரத்திலும் துணியைச் சுருட்டி மேலே கொக்கியோடு முடிந்து வையுங்கள். தொங்கும் துணியைப் பெரிய பிள்ளைகள் கழுத்தில் சுற்றி விளையாடுவார்கள். மேஸ்திரி சொன்ன அரிசி மூட்டைச் சோதனையை அந்த வீட்டுக் கொக்கிக்கும் புதிதாகச் செய்ய வேண்டும்.