பென்னாகரம் பக்கம் இடப்பெயர்வு ஆய்வு, எங்கிருந்து தொடங்கலாம்?

தருமபுரியில் எம்.ஏ. பொருளியல் படிக்கிறேன். கூட இருப்பவர்களில் ஒருத்தி புவியியல், இன்னொருவன் வரலாறு. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்களைப் பற்றி மூன்று பேரும் சேர்ந்து ஆய்வு செய்கிறோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்தால், பெண்கள் இடம்பெயரப் பெரிய காரணம் கல்யாணம் என்றே வருகிறது. அப்போ எங்கள் ஊரிலிருந்து சித்தாளாகப் போகும் அக்காக்கள் எந்தக் கணக்கில்?

பதில் 1: தம்பி, கணக்கெடுப்பில் பிறந்த இடத்தையும் கடைசியாக வசித்த இடத்தையும் வைத்துத்தான் இடம்பெயர்ந்தவர்களைக் கணக்கிடுவார்கள், நாலு மாதம் போய்விட்டுப் பண்டிகைக்குத் திரும்புகிறவர்கள் அதில் சரியாகச் சிக்கமாட்டார்கள். 1885-லேயே ரேவன்ஸ்டீன் என்ற புவியியலாளர், பெரும்பாலோர் குறைந்த தூரமே போகிறார்கள் என்று எழுதினார். அதனால் பெங்களூரைவிடப் பக்கத்தில் இருக்கும் ஓசூரையும் சேர்த்துப் பாருங்கள்.

பதில் 2: பாலக்கோடு பக்கம் ஆசிரியையாக இருக்கிறேன். கேழ்வரகு அறுப்பு முடிந்ததும் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். பாட்டியிடம் விட்டுப்போன பிள்ளைகள் வருவார்கள், கூடவே கூட்டிப்போன பிள்ளைகளுக்கு வாரக்கணக்கில் விடுப்புதான். போன வருஷம் ஒரு பெண் திரும்பி வந்தபோது கன்னடம் நன்றாகப் பேசினாள், தமிழ் எழுத்து பாதி மறந்திருந்தது. மொழியியல் படிக்கிற ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்: ரொம்ப நன்றி மேடம், பதிவேடு பற்றி யோசிக்கவே இல்லை. தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, பெயர்களை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் எடுக்கிறோம்.