ஆங்கில ஒப்பந்தங்களில் வரும் 'ஷால்' (shall): ஓர் உதவி தேவை

கொழும்பு புதுக்கடை நீதிமன்றப் பக்கம் சட்ட மொழிபெயர்ப்புச் செய்பவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் பாருங்கள். ஆங்கில வாடகை ஒப்பந்தம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 'ஷால்' வரும் இடமெல்லாம் ஒரே சொல்லைப் போட முடியாது என்பது தெரிந்ததுதான். கடமை என்றால் 'செலுத்துதல் வேண்டும்', தடை என்றால் 'செய்தலாகாது', வரைவிலக்கணம் என்றால் 'எனப் பொருள்படும்', விளைவு என்றால் 'வெற்றானதாகும்' (அதாவது செல்லாததாகும்). கடைசி இரண்டிலும் 'வேண்டும்' வந்தால் வசனமே பிழை. அங்கே யாருக்கும் கடமை இல்லை. 'செலுத்துவார்' என்று வெறும் எதிர்காலத்தில் எழுதுவது இன்னும் மோசம், கட்டாயம் கரைந்துவிடும்.

சிக்கல் இங்கேதான். முற்பணம் 30 நாட்களுக்குள் 'ஷால் பீ ரீபண்டட்' (shall be refunded) என்கிறது வாசகம். யார் கொடுப்பது என்று இல்லை. 'மீளளிக்கப்படுதல் வேண்டும்' என்று மூலத்தைப் போலவே விடுவதா, 'வீட்டு உரிமையாளர் மீளளித்தல் வேண்டும்' என்று கொடுப்பவரைச் சொல்லி எழுதுவதா? இரண்டாவது தெளிவு, ஆனால் மூலத்தில் இல்லாததைச் சேர்க்கிறது.

அடுத்தது 'மே நொட் சப்லெட்' (may not sublet). கீழ்வாடகைக்கு விடக்கூடாது என்றுதான் எடுக்கிறோம். 'விடாமலிருக்கலாம்' என்று ஒருவர் வாதாட இடமுண்டா?

அமெரிக்க சமஷ்டி நீதிமன்றங்களின் சிவில் நடைமுறை விதிகளில் 2007இலேயே 'ஷால்' நீக்கப்பட்டு, பெரும்பாலும் 'மஸ்ட்' (must) வந்துவிட்டது. எங்கள் ஆவணங்கள் 'ஷாலை' விடுகிற மாதிரி இல்லை. பதிலோடு நீங்கள் பாவிக்கும் மாதிரி வசனம் ஒன்றையும் போடுங்கள், பெயர்களை மறைத்துவிட்டு.