ஓரினச்சேர்க்கையும் வேதமும்: அதிகாரம் முழுவதையும் வாசித்த ஒருவரோடு பேசியிருக்கிறீர்களா?

கடைசி பெஞ்ச்

இந்தப் பேச்சு வந்தாலே சபைகளில் அதே சில பகுதிகள்தான் வரிசைகட்டி வரும். ஆதியாகமம் 19, லேவியராகமம் 18:22, 20:13, ரோமர் 1:26-27, 1 கொரிந்தியர் 6:9, 1 தீமோத்தேயு 1:10, யூதா 7. எண்கள் எல்லோருக்கும் மனப்பாடம். முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று கேட்டால்தான் பலர் தடுமாறுவார்கள். எந்தக் கருத்துடையவராக இருந்தாலும் சரி, ஒழுங்காக வாசித்துவிட்டுப் பேசியவர் யாரையாவது சந்தித்திருந்தால் எழுதுங்கள்.

நான் பார்த்தவர் வயதான ஒரு போதகர். வேதபாட வகுப்பில் ஒரு தம்பி, ஆதியாகமம் 19-இல் அழிக்கப்படும் சோதோம் பட்டணத்தை இழுத்தான். அவர் மறுப்பார் என்று யாரும் நினைக்கவில்லை. எசேக்கியேல் 16:49-ஐ சத்தமாக வாசிக்கச் சொன்னார். பெருமை, வயிறு நிறைந்த சாப்பாடு, கவலையில்லாத வாழ்க்கை, ஏழைக்குக் கைகொடுக்காத மனம். சோதோமின் அக்கிரமம் என்று தீர்க்கதரிசி சொல்வது இதை. அப்புறம் நியாயாதிபதிகள் 19-க்குப் போனார். சோதோமில் லோத்தின் வீட்டை வளைத்த மாதிரியே கிபியாவிலும் ஒரு கும்பல் வாசலை முற்றுகையிடுகிறது, கடைசியில் சிதைக்கப்படுவது ஒரு பெண். "அதை வைத்து ஆண் பெண் உறவே பாவம் என்று யாராவது பிரசங்கம் பண்ணுகிறோமா? இரண்டு இடத்திலும் நடப்பது பலாத்காரம்" என்றார். எசேக்கியேலின் அடுத்த வசனம் 'அருவருப்பு' என்று சொல்வதையும், யூதா 7 அதைப் பாலியல் பாவமாகப் பேசுவதையும் அவரே எடுத்துக் காட்டினார், மறைக்கவில்லை.

"அப்போ தப்பில்லையா ஐயா?" என்றான் தம்பி.

"தப்பில்லை என்று நான் எப்போது சொன்னேன்?"

அவருடைய நிலைப்பாடு பழையதுதான். ஆனால் அதை ஆதியாகமம் 1:27 (ஆணும் பெண்ணுமாகப் படைத்தார்), 2:24 (இருவரும் ஒரே மாம்சமாவார்கள்) இரண்டின்மேலும்தான் நிறுத்தினார். மத்தேயு 19-இல் இயேசு அந்த இரண்டையும் சேர்த்து மேற்கோள் காட்டுவதுதான் அவருக்கு முக்கியம். அதோடு விடவில்லை. "இயேசுவிடம் அங்கே கேட்கப்பட்டது விவாகரத்தைப் பற்றி. அதற்கு அவர் சொன்ன பதிலை நம்மில் எத்தனை பேர் கைக்கொள்கிறோம் என்று முதலில் பார்ப்போம்" என்றார். மறுமணம் செய்தவர்கள் சிலர் அந்த வகுப்பிலேயே இருந்தார்கள், மனுஷனுக்குத் தைரியம் அதிகம்.

அவருடைய முடிவை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. ஆனால் தனக்குச் சாதகமான ஒரு பகுதியையே வேண்டாம் என்று ஒதுக்கியவரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

நனைந்த கம்பளி

நான் கே, தன்பாலீர்ப்பு உள்ளவன். ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லி 'விடுதலை ஊழியம்' நடத்தும் ஒரு இடத்துக்கு வீட்டிலிருந்து அனுப்பினார்கள், பெயர் வேண்டாம். அங்கே 1 கொரிந்தியர் 6:11-ஐ தினமும் சொல்லவைப்பார்கள்: "உங்களில் சிலர் இப்படிப்பட்டவர்களாயிருந்தீர்கள்." இருந்தீர்கள், அதாவது இப்போது இல்லை. மாறவில்லை என்றால் விசுவாசம் போதவில்லை என்பார்கள். இதே வேலையை உலக அளவில் செய்துவந்த எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் 2013-இல் மன்னிப்புக் கேட்டுவிட்டு மூடப்பட்டது. தான் சந்தித்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஈர்ப்பு மாறவே இல்லை என்று அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ் அதற்கு முன்பே ஒப்புக்கொண்டிருந்தார். எங்கள் இடத்தில் அந்தச் செய்தியை யாரும் வாயால்கூடச் சொல்லவில்லை.

ரொம்ப நாள் கழித்து ஓர் இறையியல் ஆசிரியையைச் சந்தித்தேன். தன்பாலினத் தம்பதிகளைச் சபை ஏற்க வேண்டும் என்பவர். ரோமர் 1-ஐ எப்படியாவது ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். "பவுல் இதை ஆதரித்தார் என்று என்னால் காட்ட முடியாது தம்பி" என்று ஆரம்பித்தார்! அந்தப் பகுதி விக்கிரக ஆராதனையைப் பற்றிய குற்றச்சாட்டுக்குள் வருகிறது, அன்றைய ரோம உலகில் எஜமான்கள் அடிமைகளையும் சிறுவர்களையும் பயன்படுத்துவது சாதாரணம், இதெல்லாம் உண்மைதான், ஆனால் இவை மட்டுமே முழு பதில் ஆகாது என்றார்.

அவருடைய வாதம் அப்போஸ்தலர் 10, 15-இல் இருந்தது. ஆதியாகமம் 17-இல் விருத்தசேதனம் நித்திய உடன்படிக்கை. இருந்தும் புறஜாதியானான கொர்நேலியுவின் வீட்டில் ஆவியானவர் இறங்கியதைக் கண்ட பிறகு, புறஜாதியாருக்கு அதைக் கட்டாயமாக்காமல் சபை விட்டது. அதே போல உபாகமம் 23:1 சபைக்கு வெளியே நிறுத்திய அண்ணகர்களுக்கு (விதையடிக்கப்பட்ட ஆண்களுக்கு), ஏசாயா 56 குமாரர் குமாரத்திகளைவிட உத்தமமான பெயரை வாக்களிக்கிறது. கண்முன் தெரியும் கனியைப் பார்த்துச் சபை முன்பும் வழி திறந்திருக்கிறது என்பது அவர் கருத்து. "ஆனால் அப்போஸ்தலர் 15-இல் அனுப்பிய அதே கடிதம் வேசித்தனத்துக்கு விலகியிருங்கள் என்றும் சொல்கிறது. அங்கேதான் என்னை மடக்குவார்கள்" என்று சிரித்தார்.

அவர் சொன்னதை வைத்து என் அப்பாவோடு பேச முடிந்தது. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் கேட்டார்.

தனி ஆள்

என்னைப் போன்றவர்களை இரண்டு தரப்பும் மறந்துவிடுகிறீர்கள். எனக்கும் தன்பாலீர்ப்புதான். நான் கத்தோலிக்கன், திருச்சபையின் போதனையை ஏற்று மணமில்லாமல் வாழ்கிறேன், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எங்கள் பங்குத்தந்தை திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி ஏட்டை எடுத்து 2357, 2358 என்ற இரண்டு எண்களையும் சேர்த்தே வாசித்துக் காட்டினார். முதலாவது, அந்தச் செயல்கள் ஒழுங்குக்கு மாறானவை என்கிறது. அடுத்தது, இவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமான பாகுபாட்டின் சாயல்கூடக் கூடாது என்கிறது. ஜெபக்கூட்டத்தில் முதல் எண் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதைச் சொன்னால் "அப்படியா இருக்கு?" என்பார்கள். பரலோக ராஜ்யத்துக்காக மணமில்லாமல் இருப்பதைப் பேசும் மத்தேயு 19:12-ஐச் சொல்லி என்னைப் பாராட்டுபவர்களே அடுத்த வாரம் பெண் பார்க்கவா என்று கேட்பது தனிக் கதை.

செமினரி மாணவன்

கடைசி பெஞ்ச் அண்ணா, எங்கள் வகுப்பில் ரிச்சர்ட் ஹேஸ் என்ற அமெரிக்கப் புதிய ஏற்பாட்டு அறிஞர் பெயரில் சண்டையே நடந்தது. 1996-இல் வந்த புத்தகத்தில் பாரம்பரிய நிலைப்பாட்டை வாதாடியவர், 2024-இல் மகன் கிறிஸ்டோபரோடு எழுதியதில் மாறிவிட்டார். ஒரு குழு பழையதை வைத்துக்கொண்டது, இன்னொரு குழு புதியதை. புதிய புத்தகத்தில் அவர்கள் அந்த வசனங்களை மறுபடி வரிவரியாக வாதாடவே இல்லை, கடவுளின் இரக்கம் வேதம் முழுக்க விரிந்துகொண்டே போகிறது என்ற கோணத்தில் போகிறார்கள். பழைய வாதத்துக்கு அவரே பதில் சொல்லியிருக்க வேண்டாமா? எனக்கு அது குறையாகத்தான் பட்டது.

இன்னொன்று. "இரண்டு வகை நூல் கலந்த துணியும் லேவியராகமத்தில் தடைதானே" என்று கிண்டல் பண்ணுபவர்கள், 18-ஆம் அதிகாரம் நெருங்கிய உறவில் கூடுவதையும் பிள்ளைகளைப் பலியிடுவதையும் தடுக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. அந்தக் கிண்டல் விவாதத்தில் ஒரு நிமிடம்கூடத் தாங்காது.

கடைசி பெஞ்ச்

தம்பி, துணி விஷயம் சரி. ஆனால் 20:13 மரண தண்டனை சொல்கிறது, அதை இன்று பெரும்பாலோர் கேட்பதில்லை. எதை வைத்துக்கொள்வது எதை விடுவது என்ற கேள்வி பாரம்பரிய நிலைப்பாட்டுப் பக்கத்துக்கும் உண்டு.

அப்புறம், ரோமர் 1-இன் கடைசி வசனத்தைத் தாண்டியதுமே 2:1 வருகிறது: "போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை." முதல் அதிகாரத்தைப் பிரசங்கித்து அங்கேயும் போய் நின்ற போதகர் யாரையாவது கேட்டிருக்கிறீர்களா? இருந்தால் எழுதுங்கள்.