டிஎக்ஸ் வேகன் 4கே எஞ்சின், வீட்டிலயே கழட்டிச் செய்யலாமா? கையில ஒண்டரை லட்சம்தான் இருக்கு

உப்புவெளி வேகன்:

வணக்கம் எல்லாருக்கும். என்னட்ட நிக்கிறது டொயோட்டா டிஎக்ஸ் வேகன், கேஈ 72, எஞ்சின் 4கே, அப்பா வாங்கினது, பொடி இன்னும் நல்லா இருக்கு, எஞ்சின்தான் களைச்சுப்போச்சு. உவர்மலை ஏத்தத்தில செக்கன்ட் கியர் போட்டாலும் இழுக்குதில்ல, கண்ணாடியில பின்னால பாத்தா நீலப் புகை, ஒயில் டிப்ஸ்டிக்க ரெண்டு கிழமைக்கு ஒருக்காப் பாக்காட்டி கீழ்க் கோட்டுக்கும் கீழ போயிடுது. லைசன் எடுக்கிற நேரமும் வருது, இந்தப் புகையோட எமிசன் டெஸ்டுக்குக் கொண்டு போனா என்ன நடக்கும் எண்டு தெரியும்தானே.

டவுண்ல ஒரு கராஜில கேட்டன். நாலு லட்சத்துக்குக் கிட்ட முடியும் எண்டினம். என்னென்ன மாத்துவீங்கள் எண்டு கேட்டா கழட்டினாத்தான் தெரியும் எண்டு பதில், கழட்டாமலே நாலு லட்சம் எப்பிடித் தெரிஞ்சது எண்டு கேக்க வாய் வந்தது, கேக்கேல்ல.

வித்துப்போட்டு வேற வாங்கு எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. 2020 மார்ச்சில இறக்குமதிய நிப்பாட்டினதில இருந்து பழைய வாகனங்களுக்கு என்ன விலை சொல்லுறாங்கள் எண்டு பாக்கிறீங்கள்தானே, 2025 பெப்ரவரில திறந்துவிட்ட பிறகும் வரியோட சேத்துப் பாத்தா எங்கட பக்கமே வராது.

என்னட்ட அப்பாட ஸ்பானர் செட் முழுசா இருக்கு, ஜக் இருக்கு, வீட்டுக்குப் பின்னால தகரக் கொட்டில் ஒண்டு, பக்கத்து வீட்டு அண்ணாட்ட செயின் புளொக் வாங்கலாம். முதல் ஹோண்டா பைக் எஞ்சின் கழட்டிப் பூட்டியிருக்கிறன், கார் எஞ்சின் இதுதான் முதல் தரம். பிஸ்டன் ரிங்கும் பெயரிங்கும் மட்டும் மாத்தினாக் காணுமா, போர் அடிக்கத்தான் (சிலிண்டர லேத்தில குடைஞ்சு பெருப்பிக்கத்தான்) வேணுமா, இல்லாட்டி கொழும்பில பழைய வாகனச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையில ஒரு பாவிச்ச எஞ்சின எடுத்துப் போடுறது லாபமா? தெரிஞ்சவை சொல்லுங்கோ.


பழைய இரும்பு:

தம்பி பயப்பிடாம கழட்டும். 4கேய விட லேசான கார் எஞ்சின் கிடையாது, 1290 சிசி, நாலு சிலிண்டர், டைமிங் செயின், புஷ்ரொட், சென்சர் எண்டு ஒரு சாமானும் இல்ல. ஊரில எத்தின பேர் வேப்பமரத்துக் கொப்பில செயின் புளொக்க மாட்டி இந்த எஞ்சின இறக்கி ஏத்தியிருப்பாங்கள்.

ரிங் ஒரு செட், பிக் என்ட் மெயின் பெயரிங், கஸ்கட் செட், வால்வ கையாலயே கிரைண்டிங் பேஸ்ட் போட்டு அரைச்சு விடும், இவ்வளவும்தான். போர் கீர் எண்டு லேத்துக்குக் கொண்டு போனா அவங்கள் காசைக் கறந்துபோட்டுத்தான் விடுவாங்கள். ரிங் போட்டு நாலஞ்சு வருசம் ஓடினாக் காணாதே?


திருமலை லேத்காரன்:

கறக்கிறவன் வந்திட்டன் அண்ணை 😀

உப்புவெளித் தம்பி, ரிங் மட்டும் போதுமா போர் வேணுமா எண்டு இஞ்ச ஒருத்தராலயும் சொல்லேலாது, நானும் சொல்லமாட்டன். அளந்து பாத்தாத்தான் தெரியும், அளக்கிறதுக்குப் பெரிய காசும் தேவையில்ல. கழட்டுறதுக்கு முதல் கொம்பிரசன் பாரும். கேஜ் ஒண்ட ஆரிட்டயாவது இரவல் வாங்கும். எஞ்சின் சூடா இருக்கோணும், நாலு பிளக்கையும் கழட்டும், கொயில் வயரையும் கழட்டி விடும், அக்சிலரேட்டர அடிமட்டும் மிதிச்சுக்கொண்டு ஸ்டாட்டர அடிக்கோணும். நல்ல 4கே ஒண்டு 150 பி.எஸ்.ஐக்குக் கிட்டக் காட்டும். பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளயும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டுத் திரும்ப அடிச்சுப் பாரும். ஒயில் விட்டதும் நல்லா ஏறினா ரிங் அல்லது போர் தேய்மானம், ஏறாட்டி வால்வ் அல்லது கஸ்கட். புகையையும் கவனியும், காலமை ஸ்டாட் பண்ணேக்க குபுக்கெண்டு ஒருக்கா வந்திட்டு நிண்டா அது வால்வ் சீல், அதுக்கு எஞ்சின் இறக்கவே தேவையில்ல. இழுவையில விடாம நீலமா வந்தா கீழ்ப் பக்கம், ரிங்கும் போரும்.

பழைய இரும்பு அண்ணை சொன்ன மாதிரி தேய்ஞ்ச போருக்குள்ள புது ரிங்க அப்பிடியே தள்ளுறதில ஒரு சிக்கல் இருக்கு. பழைய ரிங் ஓடின இடம் தேய்ஞ்சு, சிலிண்டர்ட மேல் விளிம்பில ஓடாத இடம் ஒரு படி மாதிரி நிக்கும், நகத்தால இழுத்துப் பாத்தா நகம் தடக்கும். புது ரிங்குக்கு விளிம்பு கூர், அது போய் அந்தப் படியில இடிச்சா முதல் ரிங் முறியும். அந்தப் படிய வெட்டாம ரிங் போடக்கூடாது.

இனி காசில்லாம போர் அளக்கிற வழி. கழட்டின பழைய ரிங் ஒண்ட எடும், பீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகட்டுச் செட்) ஒண்டு எடும். ரிங்க சிலிண்டருக்குள்ள வைச்சு பிஸ்டன தலைகீழாப் பிடிச்சுத் தள்ளினா ரிங் சரிவு இல்லாம நேரா இறங்கும். அடியில, ரிங் ஓடாத இடத்துக்குக் கிட்ட, ரிங் வாய் எவ்வளவு திறந்திருக்கு எண்டு கேஜால பாரும். பிறகு மேல, அந்தப் படிக்குக் கொஞ்சம் கீழ வைச்சுப் பாரும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்த 3.14 ஆல பிரிச்சா வாறதுதான் போர் எவ்வளவு அகண்டிருக்கு எண்ட கணக்கு. பழைய ரிங்கெண்டாலும் பரவாயில்ல, வித்தியாசம் மட்டும்தான் எங்களுக்குத் தேவை. ஓவாலா தேய்ஞ்சிருக்கிறத இது காட்டாது, அதுக்கு டயல் கேஜ் வேணும், புளொக்கக் கொண்டு வந்தா பாத்துத் தரலாம்.


உப்புவெளி வேகன்:

லேத்கார அண்ணா மெத்தப் பெரிய உதவி. கேஜ் ஒண்டு கிடைச்சது, நேற்று பின்னேரம் பாத்தன். முன் பக்கத்தில இருந்து எழுதுறன். 115, 80, 80, 120. ஒயில் விட்ட பிறகு 145, 95, 95, 150. முதலும் நாலும் ஏறுது, நடு ரெண்டும் பெரிசா ஏறுதில்ல. அப்ப ரிங்கும் பிழை வால்வும் பிழை எண்டா இது? தண்ணியும் கொஞ்சம் குறையுது, ஆனா ஒயில் பால் மாதிரி மாறேல்ல. இதப் பாத்திட்டு வீட்டில கொஞ்சம் முகம் சுழிப்பு, கொட்டிலுக்க இருந்த சைக்கிளெல்லாம் இப்ப விறாந்தையில நிக்குது.


கிண்ணியா நானா:

தம்பி, ரெண்டாவதும் மூணாவதும் பக்கத்துப் பக்கத்துல இரிக்கி, ரெண்டும் ஒரே அளவு, ரெண்டும் ஒயிலுக்கு ஏறல்ல. வால்வ் எண்டா ரெண்டு சிலிண்டர்லயும் ஒரே அளவுக்குப் போறது அபூர்வம். ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையில இரிக்கிற ஹெட் கஸ்கட் ரெண்டுக்கும் நடுவால எரிஞ்சிரிக்கி, காத்து இதுல இருந்து அதுக்குப் போகுது. ஹெட்டக் கழட்டினீங்க எண்டா நடுவுல கறுப்பாக் கோடு ஒண்டு தெரியும் பாருங்க. மத்த ரெண்டும் ஏறினதால ரிங் தேய்மானமும் இரிக்கி, அது வேற கதை.

4கேக்கு புளொக் இரும்பு, ஹெட் அலுமினியம். ஒருக்கா சூடேறினா ஹெட் வளையும். ஸ்டீல் அடிமட்டம் நேரானது ஒண்ட ஹெட்டுக்கு நீளமாவும் குறுக்காவும் மூலைக்கு மூலையும் வச்சு அடியால பீலர் கேஜ் விடுங்க, 0.05 மி.மீ தகடு போனா பேஸ் அடிக்க (முகத்தச் சமனாச் சீவ) லேத்துக்குக் குடுங்க. இதுல மட்டும் மிச்சம் பிடிக்க வேணாம், வளைஞ்ச ஹெட்டுக்குப் புதுக் கஸ்கட் போட்டா அந்தக் கஸ்கட்டும் எரியும். ஹெட் போல்ட் கழட்டக்குள்ள ரெண்டு ஓரத்துல இருந்து நடுவுக்கு வாங்க, பூட்டக்குள்ள நடுவுல இருந்து ஓரத்துக்கு, மூணு தரமா இறுக்கணும். டோர்க் ரென்ச் (இறுக்கிற அளவக் காட்டுற ஸ்பானர்) இல்லாம கைக்கணக்குல இறுக்கிறத்துக்கு இது பைக் இல்ல, ஒரு நாளைக்கு வாடகைக்காவது எடுங்க. போல்ட் ஓட்டைக்குள்ள ஒயிலோ தண்ணியோ நிண்டா காத்தடிச்சு எடுங்க, இல்லாட்டி இறுக்கக்குள்ள அழுத்தம் போய் புளொக் வெடிக்கும்.

கழட்டுற நேரம் எது எங்க இருந்த எண்டு அடையாளம் முக்கியம். கனெக்டிங் ரொட் கெப், மெயின் கெப் எல்லாத்துக்கும் சென்டர் பஞ்ச் ஆணியால புள்ளி வைங்க, மாறிப் போட்டா கிராங் பிடிக்கும். பழைய காட்போட் பெட்டியில எட்டு ஓட்டை குத்தி புஷ்ரொட்ட வரிசையாக் குத்தி வைங்க, லிப்டரும் அப்பிடித்தான், கெம்முல ஒண்டோட ஒண்டு தேய்ஞ்சு பழகின சாமான், இடம் மாறினா கெம் போயிடும்.

பாவிச்ச எஞ்சின் எடுக்கிறத நான் விரும்பல்ல. வெளியால பெயின்ட் அடிச்சு வச்சிரிப்பாங்க, உள்ளுக்கு உங்கட எஞ்சின் மாதிரித்தான் இரிக்கும். எஞ்சின் நம்பர் மாறினா பதிவுப் புத்தகத்துலயும் மாத்தணும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அலைச்சல். பஞ்சிகாவத்தைக்கு பாட்ஸ் வாங்கப் போங்க, எஞ்சின் வாங்கப் போக வேணாம்.


பழைய இரும்பு:

கஸ்கட் கதைய நானும் ஒத்துக்கொள்ளுறன், நானா சொல்லுறது சரி. போர் கதைய இன்னும் ஒத்துக்கொள்ளேல்ல. தம்பி வாடகைக்கா ஓடப்போறார், வீட்டுக்குத்தானே.


உப்புவெளி வேகன்:

ஹெட் கழட்டியாச்சு. நானா சொன்ன கறுப்புக் கோடு அப்பிடியே இருந்தது, ரெண்டுக்கும் மூண்டுக்கும் நடுவில கஸ்கட் விரல் நகம் அளவுக்கு இல்லவே இல்ல! பிஸ்டனெல்லாம் எடுத்திட்டு ரிங் வைச்சுப் பாத்தன், ஆக மோசமானது மூண்டாவது, ரிங் வாய் அடியில 0.45 மி.மீ, மேல 0.95. கணக்குப் பாத்தா 0.16 வருது. மத்ததுகள் 0.12, 0.13. இதுக்கு என்ன செய்யிறது?


திருமலை லேத்காரன்:

0.1க்குள்ள எண்டா நானே சொல்லியிருப்பன், படிய வெட்டிப்போட்டு ஹோன் பண்ணி (கல்லால உரசி) ரிங் போடும் எண்டு. நிறுவனக் கையேட்டின்படி பாத்தா உம்மடது இன்னும் கடைசி எல்லைக்கு வரேல்ல, அண்ணை சொன்ன மாதிரி ரிங் போட்டா ஓடும், பொய் சொல்லமாட்டன். ஆனா மேல அகலம் கீழ ஒடுக்கம், ரிங் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் விரிஞ்சு சுருங்கிக்கொண்டே இருக்கும், கொஞ்சக் காலத்தில திரும்ப ஒயில் குடிக்கத் தொடங்கும், அப்ப இதே கஸ்கட் செட்டுக்கும் இதே வேலைக்கும் இன்னொருக்காக் காசு. ஏற்கனவே எஞ்சின் வெளிய, புளொக் வெறுமையா நிக்குது. நான் எண்டா போர் அடிப்பன்.

அடிக்கிறதெண்டா முதல் பிஸ்டன வாங்கும். ஸ்டான்டர்ட் போர் 75 மி.மீ, 0.50 மி.மீ ஓவர்சைஸ் வாங்கினாக் காணும். பிஸ்டன கையில தந்தாத்தான் அதுக்கு அளந்து போர் அடிக்கலாம், போர் அடிச்சிட்டு பிஸ்டன் தேடுறது சட்டையத் தைச்சிட்டு ஆளத் தேடுற மாதிரி. கிராங்கையும் கொண்டு வாரும், ஜேர்னல்ல (பெயரிங் இருக்கிற இடத்தில) கீறல் இல்லாட்டி அளந்து பாத்திட்டு ஸ்டான்டர்ட் பெயரிங்கே போடலாம், கிரைண்டிங் காசு மிச்சம்.

போர் அடிச்சுத் தந்த புளொக்க வீட்ட கொண்டு போய் முதல் செய்யிறது கழுவல். மண்ணெண்ணெயில கழுவாதேயும், ஹோன் பண்ணின கல்லுத்தூள் கீறல்களுக்குள்ள அப்பிடியே நிக்கும். சுடுதண்ணி, சவர்க்காரம், பிரஷ், வெள்ளைத் துணியால துடைச்சா துணி வெள்ளையாவே வரும்வரைக்கும் தேய்ச்சுக் கழுவோணும். காய்ஞ்ச உடன, திரும்பவும் சொல்லுறன் உடன, ஒயில் பூசி பொலித்தீனால மூடும். உம்மட வீடு கடலுக்குக் கிட்ட, அந்த உப்புக் காத்தில புது போர் ஒரு ராத்திரி திறந்து கிடந்தாலே கறள் பூக்கும், பிறகு அந்தக் காசு முழுக்கத் தண்ணி.

நீரே கழட்டிப் பூட்டுறதால கூலிக் காசு செலவில்ல, அதால உம்மட ஒண்டரை லட்சத்த போர், ஹெட் பேஸ், பிஸ்டன், நல்ல கஸ்கட் செட்டில போடும். வெல்ஷ் பிளக் (புளொக்கில தண்ணி ஓட்டைகள மூடுற தகர மூடி) எல்லாத்தையும் இப்பவே மாத்தும், விலை சின்னன், எஞ்சின் உள்ள போன பிறகு பின்பக்கத்தது ஓட்டை விழுந்தா அழுகைதான். தெர்மோஸ்டாட் கழட்டி எறிஞ்சிருந்தா புதுசு ஒண்டு போடும், ரேடியேட்டரையும் கழட்டி உள்ள ரொட் அடிக்க (கம்பி விட்டு அடைப்பெடுக்க) குடும், கஸ்கட் ஏன் எரிஞ்சது எண்டதுக்குக் காரணம் பெரும்பாலும் அங்கதான் இருக்கும்.


சீனன்குடா 70:

நானும் ஒரு கேஈ 70 வைச்சிருக்கிறன், இடையில பூருறதுக்கு மன்னிக்கோணும். பூட்டி முடிஞ்ச பிறகு அவசரப்பட்டு ஸ்டாட் அடிக்கிறவைதான் கூட. பிளக் நாலையும் போடாம, கொயில் வயர கழட்டி விட்டிட்டு, ஒயில் லைட் அணையும்வரைக்கும் ஸ்டாட்டர விட்டு விட்டுச் சுத்துங்கோ, பெயரிங்குக்கு ஒயில் போய்ச் சேரோணும். பிறகு பிளக் போட்டு ஸ்டாட், பத்தாட்டி டிஸ்ட்ரிபியூட்டர் வயர் 1-3-4-2 வரிசையில இருக்கா எண்டு பாருங்கோ. சூடானதும் டப்பட் (வால்வ் இடைவெளி) வையுங்கோ, இன்டேக் 0.20 மி.மீ, எக்சோஸ்ட் 0.30.

ஸ்டாட் ஆனதும் மணிக்கணக்கா வீட்டு முத்தத்தில ஐடில்ல ஓட விடுற பழக்கம் ஒண்டு இருக்கு, அது புது ரிங்குக்குக் கூடாது, ரிங் போரோட படியிறதுக்குக் கொஞ்சம் சுமை வேணும். நிலாவெளி ரோட்டில கொண்டு போய் மிதிச்சு விட்டு, மிதிச்சு விட்டு, வேகத்த மாத்தி மாத்தி ஓடுங்கோ, டொப் கியர்ல இழுத்துத் திணறடிக்க வேண்டாம். 500 கிலோமீற்றரில ஒயிலும் பில்டரும் மாத்துங்கோ, வாற ஒயிலில மினுமினுப்பாத் தூள் இருந்தா முதல் தரத்துக்கு அது வழமை, பயப்பிடாதேங்கோ.


உப்புவெளி வேகன்:

எல்லாருக்கும் நன்றி. போர் அடிக்கிறதெண்டு முடிவு, பழைய இரும்பு அண்ணை கோவிக்க வேண்டாம். புளொக்கையும் கிராங்கையும் ஹெட்டையும் கொண்டு வாறன் லேத்கார அண்ணா, இன்பொக்ஸில இடத்தச் சொல்லுங்கோ. 0.50 பிஸ்டன் செட் டவுண்ல கேட்டன், ஒருத்தரிட்டயும் இல்ல. இந்தக் கிழமை கொழும்புக்கு ஆரும் போறீங்களா?


கிண்ணியா நானா:

வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸுல நான் போறன் தம்பி. பழைய பிஸ்டன் ஒண்டு சாம்பிளுக்குத் தாங்க, பிஸ்டனுக்குக் குறுக்கால போற பின் கம்பிட சைசும் உயரமும் ஒத்துப் பாத்து எடுக்கணும், 3கே பிஸ்டனத் தந்து ஏமாத்துவாங்க.


பழைய இரும்பு:

கோவமெல்லாம் இல்ல. எஞ்சின ஏத்துற அண்டைக்குச் சொல்லும், ஒரு பக்கம் பிடிக்க நானும் வாறன்.