ஃபோர் வீல் வண்டியில் முன் ஆக்ஸிலுக்கு எஞ்சின் இழுப்பைக் கொண்டுபோகும் முன் புரொப்பல்லர் ஷாஃப்ட் கழற்றியவர்கள் வாங்க: கடைசி போல்ட்டில் என்ன நடந்தது?

கடம்பூர் பிக்கப்:
மக்காம்பாளையத்திலிருந்து மக்காச்சோளம் ஏற்றி வந்த ஃபோர் வீல் பிக்கப். குரும்பூர்ப் பள்ளத்தில் தண்ணீரில் இறங்கும்போது ஃபோர் வீல் போட்டது, அப்புறம் லிவர் டூ வீலுக்குத் திரும்பவே இல்லை. அப்படியே கடம்பூர் தாண்டி, தார் ரோட்டு வளைவுகளில் இறங்கி, கே.என்.பாளையம் வந்தோம். ஸ்டீயரிங் இழுத்த இழுப்பும் டயர் கீச்சிட்டதும் இந்த வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். முன் ஷாஃப்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பின் வீலிலேயே சத்தியமங்கலம் போய்விடலாம் என்று ஒரு பட்டறையில் விட்டோம்.

ஷாஃப்ட் முனைத் தட்டான ஃபிளேஞ்சை எதிர்த் தட்டோடு பிடிக்கும் போல்ட்டில் மூன்று வந்துவிட்டது. நாலாவது, நட்டைக் கழற்றிய பிறகும் அசையவில்லை. ஓட்டை நேராக இருக்கிறதா என்று பட்டறைப் பையன் பக்கத்து ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தான். விரலை எடுத்தான், சுத்தியலால் ஒரு தட்டு தட்டினான். போல்ட் தெறித்த நொடியில் டங்கென்று சத்தம். ஃபிளேஞ்ச் தானாக ஒரு விரல் அகலத்துக்குத் திரும்பி, இரண்டு தட்டின் ஓட்டைகளும் பாக்குவெட்டி மாதிரி ஒன்றையொன்று கடந்து போயின. அந்த ஓட்டையில் ஒரு நிமிடம் முன்னால் அவன் விரல் இருந்தது.

"ஏனுங்ணா, வண்டி நியூட்ரல்ல தானுங்களே இருக்குது?" என்று கேட்டான். நியூட்ரலில்தான் இருந்தது. அதனால் பிரயோஜனமில்லை. வளைவில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடுகிறது. நடுவில் டிஃபரன்ஷியல் (இரண்டு பக்கத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) இல்லாத வண்டியில் அந்த வித்தியாசம் முழுக்க ஷாஃப்ட்டில் முறுக்காக ஏறி நிற்கும். மண்ணாக இருந்தால் டயர் வழுக்கி விட்டுக்கொடுக்கும், தாரில் விடாது. முன் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கியிருந்தால் அது தானே சுற்றி முறுக்கு போயிருக்கும். பட்டறைக்காரரே இதை அப்புறம் விளக்கமாகச் சொன்னார். இவ்வளவு தெரிந்தவர், பையனைக் கீழே அனுப்பும் முன் ஏன் தூக்கவில்லை? இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

ஷாஃப்ட் இறங்கியதும் லிவர் ஒற்றை விரலில் டூ வீலுக்கு வந்துவிட்டது.

சங்ககிரி பட்டறை:
அப்படியென்றால் ஷாஃப்ட்டைக் கழற்றியதே தேவையில்லாத வேலைங்க. லிவர் சிக்கியதும் அந்த முறுக்கால்தான். வண்டியை நேராகக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்து, ஆக்ஸிலரேட்டரை விட்டு லிவரைத் தட்டியிருந்தால் வந்திருக்கும். ஜாக்கியும் வேண்டாம், ஸ்பேனரும் வேண்டாம்.

என் பக்கம் ஒன்று. கொல்லிமலையிலிருந்து ஒரு ஃபோர் வீல் வந்தது. வேகம் ஏறினால் முன்பக்கத் தளம் முழுக்க அதிர்வு. வேறு இடத்தில் ஷாஃப்ட் முனையின் கிராஸ் (சாய்வாகவும் சுற்ற விடும் சிலுவை மூட்டு) மாற்றி, மறுபடியும் மாற்றி, வீல் பேலன்ஸும் பார்த்திருக்கிறார்கள். நான் கீழே படுத்து டார்ச் அடித்தேன். கிராஸைப் பிடிக்கும் ஷாஃப்ட்டின் இரண்டு முனைக் கவைகளும் ஒரே நேரில் இல்லை. யாரோ ஷாஃப்ட் நடுவில் நீளக் குறுக விடும் பல் இணைப்பான ஸ்பிளைனை உருவி, பார்க்காமல் சொருகியிருக்கிறார்கள். கிராஸ் சாய்வாகச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். ஒரு முனையில் வருவதை மறுமுனை சரிக்கட்ட வேண்டுமானால் கவைகள் நேராக இருக்க வேண்டும். உருவி, திருப்பிச் சொருகி, நிப்பிளில் கிரீஸ் அடித்து அனுப்பினேன். வண்டிக்காரர் கிராஸுக்குக் கொடுத்த காசெல்லாம் வீண். கழற்றும் முன் ஃபிளேஞ்சிலும் ஸ்பிளைனிலும் பெயிண்டால் ஒரு கோடு போட எவ்வளவு நேரமாகும்?

வால்பாறை ஜீப்:
எங்களுடையது பழைய ஜீப், கிராஸை யூ போல்ட் பிடிக்கிற டைப். எஸ்டேட் ரோட்டில் மழைக்கு நடுவே கழற்றினோம். போல்ட்டை எடுத்ததும் கிராஸின் இரண்டு மூடியும் நழுவி, உள்ளே இருந்த ஊசி ரோலர் முழுக்கச் சேற்றில். அட்டை கடிக்கக் கடிக்கப் பொறுக்கினோம், முழுதாகக் கிடைக்கவில்லை. என் மச்சான் கோயம்புத்தூர் உக்கடம் வரை போய் வேறு கிராஸ் வாங்கி வந்தான். மூடி இரண்டையும் சேர்த்து ஒரு சுற்று டேப் ஒட்டியிருந்தால் போதும், டேப் டேஷ்போர்டிலேயே கிடந்தது.

பொள்ளாச்சி தோப்பு:
முன் ஷாஃப்ட் இல்லாமல் ஓட்டுவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் டீசல் மிச்சமாகும் என்று நிறையப் பேர் கழற்றித் தோப்புச் சாளையில் போட்டுவிடுகிறார்கள். எங்கள் சித்தப்பாவும் போட்டார், ஆழியாறு மழையில் தேங்காய் லோடோடு வண்டி மாட்டிக்கொண்டது, டிராக்டர் வைத்து இழுத்தோம். அது போகட்டும். சக்கரத்தை ஆக்ஸிலிலிருந்து பிரிக்கிற ஹப் வசதி இல்லாத வண்டியில் ஷாஃப்ட்டைக் கழற்றினாலும் முன் ஆக்ஸிலும் டிஃபரன்ஷியலும் சக்கரத்தோடு சுற்றிக்கொண்டேதான் இருக்கும், பெரிய மிச்சம் வராது. இன்னொன்று, எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்றால் நடுவில் டிஃபரன்ஷியல் இருக்கும். அதில் முன் ஷாஃப்ட்டை எடுத்துவிட்டு அந்த டிஃபரன்ஷியலுக்கு லாக் போடாமல் கிளம்பினால் எஞ்சின் இழுப்பெல்லாம் காலி முனைக்கே போகும், வண்டி நகராது. மேட்டில் கியர் போட்டு நிறுத்தினாலும் நிற்காது, அதனால் சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் கீழே படுக்கவே படுக்காதீர்கள். சில வண்டிகளில் ஷாஃப்ட் முனை நேரே, இழுப்பை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் சொருகியிருக்கும், உருவினால் ஆயில் கொட்டும், தட்டு வையுங்கள். கடைசி போல்ட்டை எடுக்கும்போது ஷாஃப்ட்டுக்கு அடியில் ஒரு ஆள் கை கொடுக்க வேண்டும், அது முகத்தில் விழுகிற எடைதான்.

கடம்பூர் பிக்கப்:
சங்ககிரி அண்ணா, ரிவர்ஸ் அடிவாரத்திலேயே எடுத்துப் பார்த்தோம். பின்னால் சந்தை வண்டிகள் நின்றன, ஒரு வண்டி நீளம்கூடக் கிடைக்கவில்லை. லிவர் அசையவில்லை. ஆனால் நான் எழுதியது லிவருக்காக இல்லை, அந்தப் பையன் விரலுக்காக. உங்கள் பட்டறையில் யார் கீழே படுத்தாலும் முதலில் சக்கரத்தைத் தூக்கிவிடுங்கள்.

சங்ககிரி பட்டறை:
அது சரிங்க. தூக்குகிற சக்கரம் சட்டென்று சுற்றும், அந்தப் பக்கமும் ஆள் நிற்கக் கூடாது.