தனி ஷோ தயாரிப்பும் காமெடி நைட்டும் ஒரே நாளில்: வேலையை எப்படிப் பிரிப்பது?

கேள்வி
அடுத்த மாதம் 60 நிமிடத் தனி ஸ்டாண்ட்-அப் காமெடி ஷோ, மேடையில் நான் ஒருவனே பேசிச் சிரிக்க வைக்கணும். இப்போது கையில் 45 நிமிடம்தான், அதுவும் துண்டு துண்டாக. வாரம் ஒரு காமெடி நைட்டும் நடத்தணும்: மேடையேறுபவர்கள் 6 பேர், 80 நாற்காலி. அந்த நாளில் எழுத்து, ஒத்திகை, அரங்க வேலை மூன்றையும் எந்த வரிசையில் வைப்பது?

பதில் 1
காலை முழுக்க ஷோவுக்கு. போன்கூட வேண்டாம். முதலில் கடைசியாக மேடையேறிய ஆடியோவைக் கேளுங்க, சிரிப்பு வந்த இடத்தையும் வராத இடத்தையும் தாளில் குறிங்க. பல நேரம் ஜோக்கில் தப்பு இருக்காது, வாக்கிய வால்தான் கெடுக்கும். தமிழில் வினை கடைசியில் வரும். "...ன்னு அவர் சொன்னாரு" என்று முடித்தால் பஞ்ச், அதாவது சிரிப்பு வர வேண்டிய வரி, நடுவில் போய்விடும், சிரிக்க ஆரம்பித்தவர்கள் மேலேயே நீங்கள் பேசிக்கொண்டிருப்பீங்க. "அவர் சொன்னாரு" என்பதை முன்னால் வைத்து, அவர் பேச்சோடு நிறுத்துங்க.

45ஐ 60 ஆக்கப் புதுசாக 15 நிமிடம் எழுத வேண்டியதில்லை. தனியாகச் சொல்லிப் பார்க்கும் நேரத்தைவிட மேடையில் கூடும், சிரிப்புக்கு நிற்கணும். 50 போதும். காலையில் மிச்ச நேரத்தைத் துண்டுகளை இணைப்பதில் போடுங்க: முதல் 10 நிமிடத்தில் வந்த ஒரு பொருளோ ஆளோ கடைசியில் திரும்ப வரட்டும்.

பதில் 2
மதியத்துக்கு மேல் காமெடி நைட் வேலை. கதவு திறக்க 3 மணி நேரம் முன்னாடியே அரங்கில் இருங்க.

80 பேர் வருவாங்கன்னு 80 நாற்காலி போடாதீங்க. 50 போட்டு, மீதியை ஓரத்தில் அடுக்குங்க, கூட்டம் வர வர எடுத்துப் போடலாம். முன்வரிசை காலியாக இருந்தால் சிரிப்பு பரவாது. மைக்குக்கு நேர் எதிரே நடைபாதை விட்டாலும் அதே பிரச்சினை. மேடையில் வெளிச்சம், கூட்டத்தில் இருட்டு.

ஸ்பீக்கர் மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்கணும். பின்னால் இருந்தால் அதன் சத்தம் மறுபடி மைக்கில் புகுந்து கூவும். மைக்கின் வலைத்தலையைப் பொத்திப் பிடித்தாலும் கூவும், புதியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிடுங்க. வயர்லெஸ் என்றால் புது பேட்டரி, கூடவே வயர் மைக் ஒன்று தயாராக.

நேரக் கணக்கு: தொகுப்பாளர் ஆரம்பத்தில் 10 நிமிடம், ஐந்து பேருக்குத் தலா 8, கடைசி ஆளுக்கு 20. மொத்தம் 70. இடையில் அறிமுகம், கைதட்டல் சேர்ந்து 80 நிமிடத்தைத் தாண்டும். 1 நிமிடம் மிச்சம் இருக்கும்போது பின்னாலிருந்து விளக்கு காட்டுங்க, மேடையில் இருப்பவர் தலையாட்டும் வரை அணைக்காதீங்க.

கேட்டவர்
நானே தொகுத்து, அதிலேயே புது ஜோக்கைச் சோதிக்கலாமா?

பதில் 1
வேண்டாம். தொகுப்பாளர் வேலை கூட்டத்தைச் சூடாக்குவது. அங்கே நிச்சயமாகச் சிரிப்பு வரும் ஜோக்தான் வேணும். வேறொருவரைத் தொகுக்கச் சொல்லிட்டு, மூன்றாவது இடத்தில் 8 நிமிடம் எடுத்துக்குங்க. முதல் 2 நிமிடம் தேறினது, நடுவில் 4 புதுசு, கடைசி 2 மறுபடி தேறினது. ரெக்கார்டர் ஓடட்டும், மறுநாள் காலைக்கு அதுதான் வேலை.